சம்பளம் நீங்கிற்று, தூரம் நீங்கிற்றா?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இடைநிலைக் கல்வியும் உயர்கல்வியும் நமது நாட்டிலே எவ்வாறு பரவின என்பது பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அரை மணித்தியாலம் தந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு அணித்தாக வகுப்பறையிலே நின்றவன் மணியடித்தாலன்றி வாய்மூடமாட்டான் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆகையால் மணியையும் தம் கையிலேயே வைத்திருக்கிறார்.

வரலாற்றுக்குப் போகுமுன் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல அனுமதி தரவேண்டும்.

எனக்கு ஆறு வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார். எங்களூர்த் தமிழ்ப் பாடசாலையிலே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவரே முதற்பிள்ளை. கணக்கிலே ஆசிரியர் பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவார். அவர் ஐந்தாம் வகுப்பை முடித்தது 1952ஆம் ஆண்டில். இலவசக் கல்வி வந்து ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. மேல் வகுப்புள்ள பாடசாலை நாலு மைல் தொலைவிலே, பனங்கூடல்களுக்கும் வயல்வெளிகளுக்கும் அப்பால் இருந்தது. ஐயா ஓர் ஆண்டு யோசித்தார். அதற்குள் அக்கா பெரியபிள்ளையாகிவிட்டார். அதன் பின் யோசிப்பதற்கே இடமில்லாமற் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து எனக்கு அதே நாலு மைல் வந்தது. ஐயா ஒரு பழைய துவிச்சக்கர வண்டியை வாங்கி, இருக்கையைத் தாழ்த்திப் பூட்டி, என்னை அனுப்பினார். இரண்டு பேருக்கும் பாடசாலைச் சம்பளம் ஒன்றுதான், ஒரு சதமுமில்லை. நான் பட்டதாரியானேன். அக்கா கையெழுத்து அழகாக எழுதத் தெரிந்த ஒரு குடும்பப் பெண்ணாக வாழ்ந்து, சென்ற ஆண்டு காலமானார்.

இந்தக் கதையை மனத்திலே வைத்துக்கொண்டு பழங்காலத்துக்குப் போவோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினார்கள். அடுத்த ஆண்டிலே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. ஆறுமுக நாவலர் அவர்கள் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார்கள். அவர்களே பின்னர் 1872இலே ஆங்கிலம் கற்பிக்கும் சைவப் பாடசாலையொன்றையும் தொடங்கினார்கள். பொருளில்லாமையால் அது சில ஆண்டுகளிலே நின்றுபோயிற்று. அரசாங்கத்தின் உதவி நன்கொடை அக்காலத்திலே பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே கிடைத்தது. ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்துக்குக் குறித்த தூரத்துக்குள் மற்றொன்றுக்கு நன்கொடை இல்லையென்ற விதியும் பின்னர் வந்தது. பிந்தி வந்தவனுக்கு நிலமே இல்லையென்று சொல்வதற்கு இது நல்ல உபாயம். இவற்றையெல்லாம் கடந்து 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1913இலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திற் பெண்களுக்கும், 1921இலே திருநெல்வேலியில் ஆண்களுக்குப் பரமேசுவராவும் நிறுவினார்கள். 1923இலே தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கிராமங்கள்தோறும் பாடசாலைகளைப் பரப்பி, நூற்றுக்கு மேற்பட்டவற்றை நடத்திற்று. இந்த வரலாறு நமது விழா மேடைகளிலே பன்முறை சொல்லப்பட்டிருக்கிறது, நான் விரிக்கவில்லை.

அதிகம் சொல்லப்படாத இரண்டு விஷயங்கள் உண்டு. அவற்றை விரிக்கவேண்டும்.

ஒன்று: அக்காலத்திலே நாட்டில் ஒரு கல்வி இருக்கவில்லை, இரண்டு இருந்தன. தமிழ், சிங்களப் பாடசாலைகளிலே சம்பளமில்லை. ஆங்கிலப் பாடசாலைகளிலே சம்பளம் உண்டு. கந்தோர் உத்தியோகம், வைத்தியம், சட்டம், 1921இலே திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி எல்லாம் ஆங்கிலப் படிக்கட்டின் மேலே இருந்தன. தமிழ்ப் பாடசாலைப் படிக்கட்டோ, ஏறி முடித்தால் ஒரு மொட்டைச் சுவரிலே போய் நின்றது. மிஞ்சினால் தமிழ் ஆசிரியராகலாம். ஏழைக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட கல்வி, ஏழையை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் கல்வியாக இருந்தது.

மற்றொன்றைப் பெரியோர்கள் மனம் நோகாமற் கேட்கவேண்டும். நமது பாடசாலைகளின் உள்ளேயும் ஒரு தூரம் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் பல இடங்களிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலே நிலத்தில் அல்லது புறம்பான வாங்கில் இருத்தப்பட்டார்கள். 1920களின் இறுதியிலே நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று கல்விப் பகுதி வற்புறுத்தியபோது, அதற்கு எதிராக விண்ணப்பங்கள் போயின. சில பாடசாலைகள் எரிக்கவும்பட்டன. அந்தக் காலத்திலே சம ஆசனத்துக்காகப் பேசியவர்கள் யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள். 1924இலே மாணவர் மகாநாடாகத் தொடங்கிய அந்தச் சபையிலிருந்தவர்கள் உங்கள் வயதினர்தாம் என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

இந்த இரண்டையும் அசைத்தது எது? நல்லெண்ணம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வரலாறு வேறு சொல்லுகிறது. 1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இருபத்தொரு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. பெண்களுக்குக் கல்லூரி கட்டிக்கொடுத்த இராமநாதன் அவர்களே இந்தச் சருவசன வாக்குரிமையை எதிர்த்தவர்கள் என்பது நம்மிற் பலருக்கு மறந்துபோன செய்தி. பெரியவர்கள் ஒரு கதவைத் திறந்துகொண்டே மற்றொன்றைத் தோளாலே தாங்கி மூடிநிற்பதுண்டு. எப்படியாயினும் வாக்கு வந்தது. எழுத்தறியாத கமக்காரனிடமும் அபேட்சகர்கள் கைகூப்பி வரவேண்டியதாயிற்று.

அந்த ஆண்டிலேயே கல்வி மந்திரியானார் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. பதினாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவரைத் தலைவராகக் கொண்ட விசேட குழுவின் அறிக்கை 1943இலே வெளிவந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரையிற் சம்பளமில்லாக் கல்வி என்ற திட்டம் அரசாங்க சபையிலே நெடுநாள் விவாதிக்கப்பட்டு, 1945 அக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்கள் சிறியவர்களல்லர், பத்திரிகைகளும் பெரிய கல்லூரிகளை நடத்தியவர்களும் எதிர்த்தார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே அதே கன்னங்கரா தோற்றுப்போனார். இலவசக் கல்வியின் தந்தை என்று இன்று சிலை வைத்திருக்கிறோம்.

கன்னங்கரா அவர்களிடத்தே நான் மிகவும் மதிக்கும் விஷயம் சம்பளத்தை நீக்கியதன்று. சம்பளத்தை ஒரு சட்டத்தினாலே நீக்கிவிடலாம். அவர் அதற்கு முன்னரே, 1940ஆம் ஆண்டளவிலிருந்து, பட்டினத்துக்கு வெளியே மத்திய பாடசாலைகளைக் கட்டத் தொடங்கியிருந்தார். தொகுதிக்கு ஒன்றாவது வேண்டுமென்பது எண்ணம், 54 எழுந்தன. விஞ்ஞானகூடம், விடுதி, ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துத் தெரிவுசெய்த பிள்ளைக்கு உணவும் உறையுளும் என்ற ஏற்பாடு. சம்பளமில்லை என்று சொல்லிவிட்டுக் கொழும்பிலே பாடசாலை வைத்திருந்தால் யாருக்குப் பயன்? வழியையும் அமைக்கவேண்டுமென்று அந்த மனிதர் கண்டிருந்தார். ஆனால் 54 என்பது ஒரு தீவுக்குப் போதிய எண்ணன்று. எங்களூருக்கு எட்டிய தூரத்திலே பெண்பிள்ளைக்கு விடுதியுள்ள மத்திய பாடசாலை இருக்கவில்லை. அக்காவின் கதை அங்கேதான் முடிந்தது.

இனி மலைநாட்டுக்கு வாருங்கள். அங்கே 1972இலே எனக்கு நியமனம் கிடைத்தது. அதனால் கண்ணாற் கண்டதைச் சொல்லுகிறேன்.

தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தோட்டத்துரையே இடம் ஒதுக்கி ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. நான் போனபோதும் பல தோட்டங்களிலே அந்தப் பாடசாலை ஒரு கொட்டகைதான். ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஐந்துக்கு மேலே தேயிலைக் கூடை. நாடு முழுவதும் இலவசக் கல்வி என்று பெருமை பேசிய இருபத்தேழு ஆண்டுகளும் இவர்களுக்கு எங்கே போயின? விடையை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்திலே காணலாம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். பிரசாவுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்கும் பறிக்கப்பட்ட பின், 1952இலே ஒருவருமில்லை. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்குப் பாடசாலை கட்டுவதற்கு யாருக்கு அவசரம்? 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலே தொண்டமான் அவர்கள் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினார். தோட்டப் பாடசாலைகள் தொகை தொகையாக அரசாங்கத்தின் கீழ் வந்தது அந்த ஆண்டுகளையொட்டித்தான். இவையிரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நடந்தன என்று நான் நம்பவில்லை.

நான் படிப்பித்தது பட்டினப் பாடசாலையில். எட்டு மைலுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். தகப்பனார் கவ்வாத்து வெட்டுபவர். பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டுவந்து, "ஐயா, இது எங்க லயத்துலே மொதப் புள்ளை" என்று சொல்லி விட்டுப்போனார். மூன்று கிழமை வந்தாள். மழைக்காலம் தொடங்கிற்று, பஸ் ஒழுங்காக ஓடவில்லை. சில நாட்கள் பத்து மணிக்கு நனைந்துகொண்டு வருவாள். பிறகு வரவில்லை. குறித்த நாட்கள் கடந்ததும் இடாப்பிலே பெயரைச் சிவப்பு மையாற் கோடிட்டு நீக்கவேண்டும் என்பது விதி. நான்தான் கோடிட்டேன். விதிப்படி செய்தேன், ஒருவரும் என்னைக் குறைசொல்லவில்லை. அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போய் ஏன் பிள்ளை வரவில்லை என்று கேட்டிருக்கலாம். அக்காவை உடன்பிறப்பாக உடைய நானே கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கோடு எனக்கு மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். செயலாளர் மணியைப் பார்க்கிறார், சுருக்குகிறேன்.

1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களை முதல் உபவேந்தராகக் கொண்டு தொடங்கியபோது அங்கே படித்தவர் ஏறத்தாழத் தொளாயிரம் பேர். நமது விபுலாநந்த அடிகள் அடுத்த ஆண்டிலே அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். 1952இலே பேராதனைக்குப் பெயர்ந்தது. 1959இலே வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. 1960ஆம் ஆண்டளவிலே தாய்மொழியிற் படித்த மாணவர் கலைப்பீடத்துட் புகத் தொடங்கினர். தொளாயிரமாயிருந்த தொகை அந்தப் பத்தாண்டின் நடுவிலே பதினாயிரத்தைத் தாண்டிற்று. மொழி என்ற தடை நீங்கியது பெரிய காரியம். ஆனால் விஞ்ஞானகூடமில்லாத கிராமப் பாடசாலைப் பிள்ளை கலைத்துறைக்கே போக முடிந்தது. வெளியே வந்தபோது உத்தியோகம் இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே அந்த மனக்கசப்புக்கும் பங்குண்டு.

அதே ஆண்டிலே தரப்படுத்தல் வந்தது. வைத்தியத் துறைக்குத் தமிழ் மொழியிற் பரீட்சை எழுதியவனுக்கு 250 புள்ளி, சிங்கள மொழியில் எழுதியவனுக்கு 229 என்று எல்லை வகுத்தார்கள். ஒரே பரீட்சை, ஒரே வினா, இரண்டு எல்லை. இதை அநீதி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன். அது நமது இளைஞர் நெஞ்சிலே ஏற்படுத்திய புண்ணிலிருந்து பின்னர் என்னென்ன விளைந்தன என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் 1974இலே அதனோடு சேர்ந்துவந்த மாவட்டப் பங்கீட்டைப் பற்றி வேறொரு வார்த்தையும் சொல்லவேண்டும். இது சிலருக்குப் பிடிக்காது. அது யாழ்ப்பாணத்து மாணவனைத் தாக்கிற்று என்பது உண்மை. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அதுவரை வைத்தியப் பீடத்தைக் கனவிலும் காணாத தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது வழிவிட்டது என்பதும் உண்மை. இப்பொழுது கலைத்துறை தவிர்ந்த ஏனைய துறைகளிலே நூற்றுக்கு நாற்பது இடம் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கும், ஐந்து பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நூறு மைல் தூரத்தை உண்டாக்கியவனே பங்கீட்டினாற் பத்து மைலைக் குறைத்துவிட்டு நியாயம் செய்தேன் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதேவேளை, திறமை திறமை என்று நாம் சொல்லும்போது, அந்தத் திறமைக்குள்ளே நூற்றைம்பது ஆண்டுகளாக நமது குடாநாட்டிலே கட்டப்பட்ட பாடசாலைகளும் அடங்கியிருக்கின்றன என்பதை மறைக்கவும் மாட்டேன். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு ஓர் உடுவிலோ ஓர் இந்துக் கல்லூரியோ இருக்கவில்லை.

1974 அக்டோபரிலே யாழ்ப்பாண வளாகம், பேராசிரியர் கைலாசபதி அவர்களைத் தலைவராகக் கொண்டு, பழைய பரமேசுவராக் கல்லூரி நிலத்திலே தொடங்கிற்று. பின்னர் மட்டக்களப்பிலும், ஒலுவிலிலும், வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இன்று பதினேழு இருக்கின்றன. நடுவிலே முப்பதாண்டு யுத்தத்திலே பிள்ளைகள் பங்கருக்குள் இருந்து படித்ததும், குப்பி விளக்கிலே பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்ததும் உங்கள் தாய்தந்தையர் அறிந்தவை, அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இன்றைய நிலை. சம்பளம் நீங்கியது 1945இல். இலவசப் பாடநூல் வந்தது 1980இல். சீருடைத் துணி 1993இல். பிள்ளையின் உடம்பையும் கையிலுள்ள புத்தகத்தையும் அரசாங்கம் காண்பதற்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. இன்று பல்கலைக்கழகம் புகுவோரிற் பத்துக்கு ஆறு பேருக்கு மேற்பட்டோர் பெண்கள். அக்கா இதைக் கேட்டபோது, "அப்ப ரோட்டிலை பெட்டையள் போறதைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லையோ?" என்று கேட்டார். நான் இல்லையென்றேன். பொறியியலிலே இன்னும் பெண்கள் சிறுபான்மைதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எனினும் தூரம் வேறிடத்திலே ஒளிந்திருக்கிறது. நாட்டிலுள்ள பதினாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர வகுப்பிலே விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்பவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. சாதாரண தரத்திலே விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்ற கிராமத்துப் பிள்ளை, எட்டிய தூரத்தில் உள்ள பாடசாலையிலே எது இருக்கிறதோ அதைப் படிக்கிறது. பட்டினத்துப் பிள்ளை பாடசாலைக்கும் போகிறது, மாலையிலே ரியூட்டறிக்கும் போகிறது. பாடசாலையிலே நீக்கிய சம்பளம் ரியூட்டறி வாசலிலே வந்து உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் கடந்து பல்கலைக்கழகத் தகுதி பெற்றவர்களுள்ளும் ஏறத்தாழ நாலிலொருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு.

இளைஞர்களே, நமது சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இந்த மேடையிலே ஒன்பது பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்றவர்களுக்குப் பதக்கம் சூட்டுகிறோம். நல்லது, அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் நாம் பதக்கம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். சென்ற ஆண்டு நமது பிரிவிலே சாதாரண தரம் சித்தியடைந்தும் உயர்தர வகுப்பிலே சேராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்தச் சபையிலே ஒருவராவது சொல்ல முடியுமா? எனக்கும் தெரியாது. பாடசாலை அதிபர்களிடம் இடாப்பு இருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, தை மாதத்துக்குள் அந்தப் பெயர்களை எடுத்து, வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். பஸ் சீசன் காசா, விடுதியா, தங்கச்சியைப் பார்க்க ஆளில்லையா, தகப்பன் கடலுக்குப் போகாமல் இருக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியல் கிடைத்தபின், நிதியிற் பாதியையேனும் அதற்கு ஒதுக்குவதைப் பற்றி அடுத்த பொதுக்கூட்டத்திலே தீர்மானம் கொண்டுவாருங்கள். பெரியோர்கள் எதிர்க்கக்கூடும். பதக்கத்திலே கொடுத்தவர் பெயர் பொறிக்கலாம். பஸ் சீட்டிலே பொறிக்க முடியாது. எதிர்த்தால் என்னைக் கூப்பிடுங்கள். நானும் வந்து பேசுகிறேன்.

என் பங்காக ஒரு துவிச்சக்கர வண்டிக்குரிய பணத்தை அக்காவின் பெயராற் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெண்பிள்ளை ஏறும் வண்டியாக வாங்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மணி அடித்துவிட்டது.